யார் முதலில் பேசுவது? வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் மனநல ஆலோசனை

வேலூரிலோ ஆம்பூரிலோ மனநல ஆலோசகரைப் பார்க்கத் தனியாக வருகிறவர்கள் குறைவு. ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை செய்யும் பெண்ணோடு மாமியார் வருவார். பிளஸ் ஒன் படிக்கும் பையனோடு அப்பா, அம்மா வருவார்கள். சில நேரம் தாய்மாமனும் வந்துவிடுவார். கேள்வி ஒருவரிடம் போகும், பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வரும். "ராத்திரியெல்லாம் இவன் தூங்கறதே இல்ல மேடம்" என்று அம்மா சொல்லிக்கொண்டிருப்பார். பையன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆலோசனை என்றால் மூடிய அறையில் இருவர் பேசுவது என்றுதான் பயிற்சிப் புத்தகங்கள் சொல்கின்றன. இங்கே அந்த அறை தானாக அமைவதில்லை. குடும்பத்தைப் பகைத்துக்கொள்ளாமல், வந்தவரையும் கைவிடாமல், ஆலோசகர்தான் அதை அமைக்க வேண்டும். பெரியவர்களோடு அதை எப்படிச் செய்வது, வளரிளம் பிள்ளைகளோடு எப்படிச் செய்வது என்பதே இந்த அத்தியாயம். பயிற்சியில் இருக்கும் ஆலோசகர்களுக்காக எழுதப்பட்டது என்றாலும், ஆலோசனைக்குப் போகத் தயங்குகிறவர்களும் படிக்கலாம். உள்ளே என்ன நடக்கும் என்பது தெரிந்துவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும்.

வேலூர் காட்டிய வழி

குடும்பத்தோடு சேர்த்து வைத்தியம் பார்ப்பதில் இந்த ஊருக்கு ஒரு வரலாறு உண்டு. 1950களில் நாட்டின் பெரும்பாலான மனநல மருத்துவமனைகள் உயர்ந்த சுவர்களுக்குள் இருந்தன. நோயாளியைக் கொண்டுவந்து விட்டால் வீட்டாரின் வேலை அத்தோடு முடிந்தது. அந்தக் காலத்தில் அமிர்தசரஸ் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் வித்யா சாகர், வளாகத்துக்குள் கூடாரங்கள் அடித்து, நோயாளிகளின் உறவினர்களையும் அங்கே தங்கவைத்தார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மனநல மையம் பாகாயத்தில் உருவானது. கனடாவிலிருந்து வந்த மனநல மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ் அதற்கு அடித்தளம் இட்டார். நோயாளியோடு வீட்டிலிருந்து ஒருவராவது வந்து தங்க வேண்டும் என்பது அங்கே வழக்கமாயிற்று. இந்த அனுபவத்தைப் பற்றி கோல்மேயர், ஃபெர்னாண்டஸ் என்ற இரு மருத்துவர்கள் எழுதிய கட்டுரை 1963இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் வந்தது.

அந்த ஏற்பாட்டின் பின்னால் ஒரு நடைமுறைக் கணக்கு இருந்தது. கூடவே தங்குகிறவர் நோயைப் பற்றியும் கற்றுக்கொள்வார். வீடு திரும்பிய பிறகு மருந்து நடுவில் அறுந்துபோகாது. 'பைத்தியம்' என்று ஒதுக்கிய உறவுகளுக்கு, தேறிவரும் மனிதரைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கும்.

இந்த வழியில் ஒரு சிக்கலும் உண்டு. பக்கத்தில் வீட்டார் இருந்தால் சிலர் கடைசிவரை வாயைத் திறக்கவே மாட்டார்கள். அதனால் நேரத்தைப் பங்கு போட வேண்டியிருக்கிறது. 50 நிமிடச் சந்திப்பு என்றால் முதல் 15 நிமிடம் எல்லோரும், அடுத்த 25 நிமிடம் வந்தவர் மட்டும், கடைசி 10 நிமிடம் மறுபடி எல்லோரும் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டாரை வெளியே அனுப்பும்போது அவர்களுக்கு அது அவமானமாகத் தோன்றக்கூடாது. "எல்லார்கிட்டயும் தனித்தனியா பேசறதுதான் இங்க வழக்கம்மா. இப்ப மருமக பேசட்டும், அப்புறம் உங்ககிட்ட பேசறேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மாமியாரிடம் பேசுவதாகச் சொன்ன பத்து நிமிடத்தை மறக்காமல் கொடுத்துவிட வேண்டும். அது தவறினால் அடுத்த வாரம் மருமகளை அனுப்ப மாட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் விதிவிலக்கே கிடையாது. வீட்டில் அடி, உதை இருக்கிறதா என்பதைத் தனியாக இருக்கும்போதுதான் கேட்க வேண்டும். கணவர் முன்னால் கேட்ட கேள்விக்கு அன்று இரவு அந்தப் பெண் விலை கொடுக்க நேரலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பற்றியும் 181 என்ற பெண்கள் உதவி எண் பற்றியும் வாயால் சொன்னால் போதும். துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பதற்கு முன், வீட்டில் அதை யாராவது எடுத்துப் பார்த்துவிடுவார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பெரியவர்கள்: உடம்பிலிருந்து தொடங்குவது

பயிற்சிக்காக ஒரு மாதிரிக் காட்சி. பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வருகிற 36 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கும் லைனில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை. நெஞ்சு படபடப்பு, தலை கிறுகிறுப்பு, பிடரியிலிருந்து தோள்வரை இறங்கும் வலி. இ.சி.ஜி. எடுத்தாயிற்று, ஸ்கேன் பார்த்தாயிற்று, எல்லாம் நார்மல். ரிப்போர்ட் கட்டு ஒன்று பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. கடைசியாகப் பார்த்த டாக்டர் "மனசை ரிலாக்ஸா வச்சுக்கோங்க" என்று சொல்லி இங்கே அனுப்பியிருக்கிறார்.

ஆலோசகர் இங்கே செய்யக்கூடாத முதல் காரியம், "உடம்புல ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான்" என்று சொல்வது. அந்தப் பெண்ணுக்கு வலி உண்மையிலேயே இருக்கிறது. நாள் முழுக்கக் குனிந்து தைத்தால் பிடரி வலிக்கத்தான் செய்யும். ஒட்டும் பசையின் வாடை தலைவலி தரும். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் படபடப்பும் சோர்வும் கொடுக்கும். இவையெல்லாம் பார்க்கப்பட்டனவா என்று முதலில் ரிப்போர்ட் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டை ஒருவர் பொறுமையாகப் புரட்டுவதைப் பார்த்தாலே வந்தவருக்கு நம்பிக்கை வரும். அதன்பிறகு மனதைப் பற்றிக் கேட்கும் முன் ஒரு நாளைப் பற்றிக் கேட்கலாம்.

"காலையில எத்தனை மணிக்கு எழுந்திருக்கறீங்க?"

"நாலரைக்கு. ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ்."

"ராத்திரி?"

"படுக்க பத்தரை ஆயிடும். ஆனா தூக்கம் எங்க வருது?"

"தூக்கம் வராம படுத்திருக்கப்ப என்ன ஓடும் மனசுல?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "திங்கக்கிழமை குரூப் லோன் கட்டணும் மேடம். வசூலுக்கு வந்து வாசல்ல உக்காந்துக்குவாங்க. பொண்ணுக்கு காலேஜ் பீஸ் வேற."

மூன்று கேள்விகளில் பிடரி வலி திங்கட்கிழமைக்கு வந்து சேர்ந்துவிட்டது. இதை ஆலோசகர் உடனே ஒரு விளக்கமாக அந்தப் பெண்ணின் கையில் திணிக்க வேண்டியதில்லை. "எந்தக் கிழமையில வலி அதிகமா இருக்கு?" என்று கேட்டு, ஒரு வாரம் குறித்துவரச் சொன்னால் போதும். தொடர்பை அவரே கண்டுபிடிப்பார்.

அடுத்து அளவு. மனச்சோர்வு எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்ள பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள் உலகம் முழுவதும் புழக்கத்தில் இருக்கிறது. 9 கேள்விகள், 0 முதல் 27 வரை மதிப்பெண். 10ஐ எட்டினாலே கவனம் தேவை. எழுதப் படிக்கத் தயங்குகிறவருக்கு ஆலோசகர் வாசித்துக் காட்டலாம். 9ஆவது கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதை அவசரமாகத் தாண்டிப் போகக்கூடாது.

சிகிச்சை முறைக்கு வெகுதூரம் தேட வேண்டாம். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஓர் ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வெளியானது. மனநலத்தில் பட்டம் பெறாத, ஆனால் முறையான பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள், கடுமையான மனச்சோர்வில் இருந்தவர்களை 6 முதல் 8 முறை சந்தித்துப் பேசினார்கள். மூன்று மாதத்தில் அவர்களில் 64 சதவீதம் பேர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் தேறியவர்கள் 39 சதவீதம். அந்த முறையின் சாரம் எளிது. மனம் சோர்ந்தவர் ஒவ்வொரு வேலையாகக் கைவிடுகிறார். கைவிடக் கைவிடச் சோர்வு கூடுகிறது. அதனால் மனம் சரியாகட்டும் என்று காத்திராமல், சின்னச் சின்னச் செயல்களைத் திட்டமிட்டுத் திரும்பத் தொடங்குவது. நம் மாதிரிப் பெண்ணுக்கு அது கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் சமையலறைக்குள் நுழையாமல் பத்து நிமிடம் மொட்டை மாடியில் உட்காருவதாக இருக்கலாம். ஆறு மாதமாகப் போகாத அக்கா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்வருவதாகவும் இருக்கலாம்.

கடன் பிரச்சினை மாடியில் உட்கார்ந்தால் தீராது. அதற்குத் தனியாக ஒரு தாள். எந்தக் கடன், எவ்வளவு, எந்தத் தேதி, யாரிடம் தவணை கேட்கலாம் என்று எழுதி, மாற்றக்கூடியது ஒரு பக்கம், இப்போதைக்குப் பொறுத்துக்கொள்ள வேண்டியது மறுபக்கம் என்று பிரிக்க வேண்டும். பணக்கவலையை மனக்கோளாறாகப் பார்க்கும் ஆலோசகரிடம் தொழிலாளிக் குடும்பம் இரண்டாவது முறை வராது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, ஏற்றுமதியை நம்பியிருக்கும் இந்த வட்டாரத்தில் ஓவர்டைம் இருக்குமா, லைன் ஓடுமா என்ற பயம் எழுந்தது இயற்கை. அப்படிப்பட்ட பயத்தை 'தவறான எண்ணம்' என்று திருத்த முயல்வது வீண் வேலை.

கம்பெனி நேரமும் ஆலோசனை நேரமும்

ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம் போயிற்று. எனவே சந்திப்புகளின் எண்ணிக்கையை முதல் நாளே சொல்லிவிடுவது நியாயம்: ஆறு முறை, பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஷிஃப்ட் முடிந்த பிறகோ ஞாயிறன்றோ, இடையில் ஒரு போன். ஆறாவது சந்திப்பில் தொடர்வதா, நிறுத்துவதா என்று சேர்ந்து முடிவெடுக்கலாம்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் கம்பெனித் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. உரிய சந்தா காலத்தை நிறைவு செய்தவருக்கு, டாக்டரின் சான்றிதழ் இருந்தால், நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். மனச்சோர்வுக்காக லீவு எடுத்தால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறவரிடம் இதைச் சொல்ல ஆலோசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி அப்பர் தைக்கும் பெண்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர்களுக்குப் பேருந்துச் செலவே ஒரு தடை என்பதால் போன் வழி ஆலோசனையை முன்கூட்டியே திட்டமிடலாம்.

குடிக்கும் ஆண்கள் விஷயம் வேறு மாதிரி. குடிக்கிறவர் வருவதற்கு முன்னால் அவர் மனைவி வருவார். "அவரைத் திருத்துங்க" என்பது கோரிக்கை. வராதவரைத் திருத்த முடியாது. வந்தவரின் தூக்கம், பாதுகாப்பு, பணம் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். கணவர் ஒரு நாள் வந்துவிட்டால் உபதேசம் கூடாது. குடியில் அவருக்குப் பிடித்தது என்ன, அதனால் இழந்தது என்ன என்று அவர் வாயாலேயே சொல்லவைப்பதை வில்லியம் மில்லர் 1983இல் ஒரு முறையாக வகுத்தார். இன்றும் அதுதான் பலன் தருகிறது. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிநோய் சிகிச்சையில் மனைவியையும் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டது. ஓர் எச்சரிக்கை: தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். "நாளையிலிருந்து நிறுத்திடறேன்" என்பவரை மருத்துவரிடம் அனுப்பிவிட்டுத்தான் பாராட்ட வேண்டும்.

வளரிளம் பருவம்: ரகசியமும் அதன் எல்லையும்

வேலூரை அடுத்த கணியம்பாடி ஒன்றியத்தில் சி.எம்.சி.யின் சமூக மருத்துவப் பிரிவு பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்துவருகிறது. 1992 முதல் 2001 வரையான அந்தப் பதிவுகளிலிருந்து 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரின் மரணங்களை ஆராய்ந்த கட்டுரை 2004இல் லான்செட்டில் வெளியாகி நாட்டையே உலுக்கியது. அந்த வயதில் இறந்த பெண்பிள்ளைகளில் பாதிக்கும் முக்கால் பங்குக்கும் இடைப்பட்டவர்கள் தற்கொலையால் இறந்திருந்தார்கள். ஆண்பிள்ளைகளில் அது சுமார் கால் பங்கு. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு என்று கணக்கிட்டால் பெண்கள் 148, ஆண்கள் 58. காரணங்களாகச் சொல்லப்பட்டவை: குடும்பச் சண்டை, வீட்டு வன்முறை, படிப்பில் தோல்வி, நிறைவேறாத காதல், மனநோய்.

இந்தப் பட்டியலை ஆலோசகர் இன்னொரு முறை பார்க்க வேண்டும். பெரும்பாலானவை வீட்டுக்குள் நடப்பவை. அவற்றைப் பற்றிப் பேச வேண்டிய பிள்ளையை அழைத்து வருகிறவர்களும் அதே வீட்டார். எனவே முதல் சந்திப்பில் அம்மா, அப்பா, பிள்ளை மூவரையும் சேர்த்து உட்காரவைத்து, எல்லோர் காதிலும் விழும்படி ஒரு விதியைச் சொல்லிவிட வேண்டும்.

"தம்பி என்கிட்ட சொல்றதை நான் உங்ககிட்ட சொல்ல மாட்டேன் சார். நீங்களும் கேக்கக் கூடாது. ஆனா மூணு விஷயத்துல மட்டும் நான் மறைக்க மாட்டேன். தம்பி உயிருக்கு ஆபத்துன்னா, வேற யார் உயிருக்காவது ஆபத்துன்னா, தம்பிகிட்ட யாராவது தப்பா நடந்துக்கிட்டிருந்தா. அப்பவும் முதல்ல தம்பிகிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்."

மூன்றாவது எல்லை சட்டம் விதித்தது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆலோசகருக்கும் இதில் விலக்கு இல்லை. பிள்ளை எல்லாவற்றையும் கொட்டிய பிறகு இதைச் சொன்னால் அது துரோகமாகத் தோன்றும். தொடக்கத்திலேயே சொன்னால் எதை, எப்போது சொல்வது என்று பிள்ளையே முடிவு செய்துகொள்ளும்.

தனியாக இருக்கும்போது முதல் கேள்வி பிரச்சினையைப் பற்றி இருக்க வேண்டாம். "உன்னை இங்க கூட்டிட்டு வந்தது யாரோட ஐடியா?" என்று கேட்டால் பல பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். "எங்கப்பா." "உனக்கு வர இஷ்டமா?" "இல்ல." "சரி, வராம இருக்கணும்னா உங்க வீட்ல என்ன மாறணும்?" இந்தக் கேள்வியில் பேச்சு தொடங்கிவிடும். அவன் சொல்லும் முதல் விஷயம் பெரும்பாலும் செல்போனாக இருக்கும். அதையே எடுத்துக்கொள்ளலாம். இரவு இரண்டு மணிவரை போன் பார்ப்பவன், வீட்டுச் சண்டை காதில் விழாமலிருக்கப் பார்க்கிறானா, வகுப்பில் யாரும் பேசாததால் பார்க்கிறானா என்பது பிறகு தெரியவரும். எதிரெதிர் நாற்காலிகளை விடப் பக்கவாட்டில் உட்காருவது பிள்ளைகளுக்கு எளிது. மௌனத்தைக் கண்டு ஆலோசகர் பதற வேண்டாம். இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

பள்ளியில் ஆலோசனை தருகிறவர்களுக்கு டெல்லி அரசுப் பள்ளிகளில் சோதிக்கப்பட்ட முறை கைகொடுக்கும். 2020இல் வெளியான அந்த ஆய்வில், மூன்று வாரத்துக்குள் நான்கைந்து சிறு சந்திப்புகள், கையில் ஒரு சித்திரக்கதைப் புத்தகம், மூன்றே படிகள்: பிரச்சினை என்ன என்று ஒன்றைத் தேர்ந்தெடு, என்னென்ன வழிகள் என்று யோசி, ஒன்றைச் செய்து பார். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரிகள். பிள்ளைகள் தாங்களே சொன்ன பிரச்சினைகளின் பாரம் குறைந்தது. பீகார் பள்ளிகளில் நடந்து 2018இல் வெளியான இன்னோர் ஆய்வும் கவனிக்கத்தக்கது. அதே திட்டத்தை வெளியிலிருந்து வந்த ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் சூழல் தெளிவாக மேம்பட்டது. ஆசிரியர்களே நடத்திய பள்ளிகளில் மேம்படவில்லை. மதிப்பெண் போடுகிறவரிடம் மனதைத் திறப்பது கடினம். வகுப்பாசிரியரையே ஆலோசகராகவும் ஆக்க நினைக்கும் தலைமையாசிரியர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பொதுத்தேர்வு முடிவுக்கு முந்தைய வாரம் தனிக் கவனம் கேட்கும். தோற்றால் ஒரு வருடம் போய்விடும் என்ற பயம் இப்போது அவசியமில்லை. தமிழ்நாட்டில் உடனடித் துணைத்தேர்வு இருக்கிறது. தேறினால் அதே ஆண்டில் மேலே படிக்கலாம். முடிவு வந்த பிறகு இதைச் சொல்வதை விட முன்னால், பெற்றோரை வைத்துக்கொண்டு சொல்வது மேல். பெண்பிள்ளைக்கு 18 வயதுக்கு முன் கல்யாணப் பேச்சு நடப்பதாகத் தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். காதல் விவகாரத்தில் ஆலோசகர் எந்தப் பக்கத்துக்கும் தூது போகக்கூடாது. "நீங்க சொன்னா கேட்பா" என்று பெற்றோர் சொல்லும்போது, அந்த வேலையை மென்மையாக மறுப்பதும் சிகிச்சையின் பகுதிதான்.

நேராகக் கேட்பது

தற்கொலை பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்ற பயம் புதிய ஆலோசகர்கள் எல்லோருக்கும் உண்டு. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. கேட்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஆறுதலே ஏற்படுகிறது. சுற்றி வளைக்காமல், குரலை மாற்றாமல், "செத்துப்போயிடலாம்னு தோணியிருக்கா?" என்று கேட்க வேண்டும். ஆம் என்றால், இப்போதும் அந்த எண்ணம் இருக்கிறதா, எப்படி என்று யோசித்ததுண்டா, முன்பு எப்போதாவது முயன்றதுண்டா என்று படிப்படியாகப் போக வேண்டும். திட்டம் இருந்தால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்; அதுவரை தனியாக விடக்கூடாது. வீட்டில் ஆபத்தான பொருள்கள் கைக்கெட்டாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒரு குறிப்பிட்ட ஆளிடம் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

உடனடி ஆபத்து இல்லையென்றால் ஒரு பாதுகாப்புத் திட்டத்தைச் சேர்ந்து எழுதலாம். எண்ணம் வரும் முன் தெரியும் அறிகுறிகள், மனதைத் திருப்பும் செயல்கள், நள்ளிரவிலும் கூப்பிடக்கூடிய இரண்டு பேர், உதவி எண், மருத்துவமனை. வந்தவரின் சொந்த வார்த்தைகளில், அவர் கையெழுத்திலேயே இருந்தால் நல்லது.

முயற்சி செய்து பிழைத்தவர்களை மறக்காமல் தொடர்ந்து விசாரிப்பதே ஒரு மருந்து. சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. ஒரு மணி நேரப் பேச்சும் அதன்பின் 18 மாதங்களில் 9 முறை நேரிலோ போனிலோ நலம் விசாரிப்பதும்தான் சிகிச்சை. விசாரிக்கப்பட்டவர்களில் பின்னர் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 சதவீதம், மற்றவர்களில் 2.2 சதவீதம். சென்னைப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார். 1986இல் சென்னையில் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியவர் அவர்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கும் குடும்பங்களிடம் சட்டம் மாறிவிட்டது என்று சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி, அவரைத் தண்டிக்காமல் கவனிக்கச் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவு இடம்பெறவில்லை.

மொழியும் நம்பிக்கையும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஊர்களில் கடைத்தெருவில் தமிழ் பேசும் பலர் வீட்டில் உருது பேசுகிறார்கள். குடியாத்தம் பக்கம் தெலுங்கும் உண்டு. அழுகை வரும்போது வீட்டு மொழிதான் வரும். "எந்த மொழியில பேச வசதியா இருக்கும் பாய்?" என்ற ஒரு கேள்வி பல சந்திப்புகளின் வேலையைச் செய்துவிடும். வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க உட்காரவைப்பது மட்டும் கூடாது. வெளிமாநிலத் தொழிலாளர்களை நினைவில் வைக்க வேண்டும். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்தவர். அப்படியொரு விபத்தில் தப்பியவரிடம் அவர் மொழியில் பேச ஒருவரைத் தேடுவதே முதல் சிகிச்சை.

பலர் தர்காவுக்கோ கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போய்விட்டுத்தான் ஆலோசகரிடம் வருகிறார்கள். அதை மூடநம்பிக்கை என்று சொல்லித் தொடங்கினால் கதவு சாத்திக்கொள்ளும். தொழுகையும் வேண்டுதலும் தொடரட்டும், மருந்தையும் பேச்சையும் நிறுத்த வேண்டாம் என்பதே நிலைப்பாடு. எல்லை எங்கே என்பதில் மட்டும் தயக்கம் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். கட்டிப்போடுவதையும் அடிப்பதையும் பட்டினி போடுவதையும் எந்த நம்பிக்கையின் பெயராலும் ஏற்க முடியாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை வெளிப்படையாகத் தடை செய்கிறது.

எப்போது கைமாற்றிவிடுவது

ஆலோசகர் மருந்து எழுத முடியாது. காதில் குரல் கேட்கிறது, யாரோ தன்னைக் கொல்லச் சதி செய்கிறார்கள் என்கிறவர், நாள்கணக்கில் தூங்காமல் அளவுமீறிய உற்சாகத்தில் இருப்பவர், பிரசவமான சில வாரங்களில் பேச்சும் நடத்தையும் மாறிய பெண், சாப்பிடுவதையே நிறுத்திவிட்டவர் ஆகியோரை மனநல மருத்துவரிடம் தாமதமின்றி அனுப்ப வேண்டும். பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்பதை ஆலோசகர் விசாரித்துத் தன் மேசையில் எழுதி ஒட்டிவைத்திருக்க வேண்டும்.

ஆலோசனை தேடுகிறவர்கள் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு: எதிரே இருப்பவரின் படிப்பு என்ன? மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது.

ஆலோசகர் யாரும் கிடைக்காத நேரத்துக்கு 14416 இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் இது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழ், உருது, தெலுங்கு, வங்காளம் உள்ளிட்ட மொழிகளில் பேச ஆள் உண்டு. பள்ளி அறிவிப்புப் பலகையிலும் கம்பெனி கேன்டீன் சுவரிலும் பஸ்ஸின் உள்பக்கத்திலும் இந்த எண்ணை எழுதிவைக்கச் சொல்லி நிர்வாகங்களிடம் கேளுங்கள்.